எண்ணெய் பாட்டில் லேபிளுக்கு எது சரி: வார்னிஷா, யுவியா, லேமினேஷனா?

நல்லெண்ணெய் பாட்டிலைச் சாய்த்து ஊற்றி நிமிர்த்தினால், கடைசிச் சொட்டு கழுத்து வழியாக இறங்கி லேபிளில்தான் வந்து நிற்கும். எந்த அடுப்படியிலும் இதைப் பார்க்கலாம். மரச்செக்கு எண்ணெய் விற்கத் தொடங்கியபோது இது எனக்கு உறைக்கவில்லை. முதல் தடவை குரோமோ ஸ்டிக்கரில், அதாவது ஒரு பக்கம் பளபளக்கும் காகித ஸ்டிக்கரில் அடித்து, மேலே தண்ணீர் வார்னிஷ் மட்டும் போட்டு வாங்கினேன். அச்சகத்தில் பார்த்தபோது பளிச்சென்று இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் வீட்டில் அதே பாட்டிலைப் பார்த்தேன். லேபிளில் பாதி எண்ணெய் ஊறி, பின்னால் இருக்கும் எண்ணெய் தெரியும் அளவுக்கு ஆகிவிட்டது. காலாவதித் தேதி கலங்கிப் போயிருந்தது. சாப்பிடும் பொருளில் தேதி தெரியாமல் போவது சின்ன விஷயம் இல்லை. அதற்கப்புறம்தான் மூன்று வகைப் பூச்சையும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன்.

வார்னிஷைக் குறை சொல்ல மாட்டேன். நான்தான் தப்பான பொருளுக்குப் போட்டேன். தண்ணீர் வார்னிஷ் என்பது தண்ணீரில் கலந்த அக்ரிலிக். அச்சு ஓடும்போதே பூசி, சூடு காட்டி உலர்த்திவிடுவார்கள். மூன்றிலும் விலை குறைவு இதுதான். பழைய எண்ணெய் வார்னிஷ் போல நாளாக ஆக மஞ்சளடிக்காது. மேலே பேனாவால் எழுதலாம், ரப்பர் ஸ்டாம்பும் ஓரளவு பிடிக்கும். ஆனால் அந்தப் படலம் மிக மெல்லியது. கை உரசலைத் தாங்கும். எண்ணெயும் ஈரமும் நின்று ஊறினால் தாங்காது. மசாலாப் பொடி, அப்பளம், ஊதுபத்தி போன்ற உலர்ந்த சரக்குக்கு இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. சிவகாசியில் அச்சுத்தொழில் வளர்ந்ததே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்துத்தான். குச்சி தீர்ந்ததும் தூக்கிப் போடும் பெட்டிக்கு யார் லேமினேஷன் போடப் போகிறார்கள்?

அடுத்தது யுவி. இந்த வார்னிஷ் புறஊதா விளக்கின் அடியில் போகும்போதே கண நேரத்தில் இறுகிவிடும். நல்ல பளபளப்பு, நகத்தால் கீறினாலும் சட்டென்று கோடு விழாது. லாரியில் அட்டைப் பெட்டிக்குள் பாட்டிலோடு பாட்டில் உரசிக்கொண்டு போகும் சரக்குக்கு இது நன்றாக உழைக்கும். இறுகிய பொருளுக்கே உரிய குணம் இதற்கும் உண்டு, வளைத்தால் விரிசல் விடும். 100 மில்லி பாட்டில் மாதிரி ஒடுங்கிய வளைவில் ஒட்டினால் முடி போன்ற கோடுகள் விழலாம். எண்ணெய் உள்ளே போக அந்தக் கோடு போதும்.

யுவியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2005-ல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில் ஐடிஎக்ஸ் என்ற வேதிப்பொருள் இருப்பது தெரிந்து, சரக்கைப் பறிமுதல் செய்தார்கள். பெட்டியின் வெளிப்பக்கம் அடித்த யுவி மையிலிருந்து அது உள்ளே வந்திருந்தது. கண்ணாடி பாட்டிலில் ஒட்டும் லேபிளுக்கு இந்தப் பயம் இல்லை, கண்ணாடியைத் தாண்டி எதுவும் போகாது. மெல்லிய பிளாஸ்டிக் பையிலோ காகித உறையிலோ உணவை அடைப்பவர்கள், உணவுப் பொட்டலத்துக்கு ஏற்ற மையும் வார்னிஷும்தானா என்று அச்சகத்தில் கேட்டு, எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதான லேமினேஷன் உண்மையில் பூச்சு வகையே இல்லை. பிஓபிபி என்கிற பிளாஸ்டிக் படலத்தை, 12 மைக்ரானோ அதற்கு மேலோ, பசை வைத்து அச்சின் மேல் ஒட்டுவது. செலவு கூடும். ஆனால் எண்ணெய் வழிந்தால் துணியால் ஒரு துடை, போய்விடும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இதில் பளபளக்கும் கிளாஸா, மினுங்காத மேட்டா என்று அடுத்த கேள்வி வரும். மாதிரியைக் கையில் வாங்கும் எல்லோரும் மேட்டில்தான் மயங்குவார்கள், நானும் மயங்கினேன். அடர்பச்சை லேபிளில் மேட் போட்டேன். கடையில் நாலு பேர் எடுத்துப் பார்த்ததும் விரல்தடமும் வெள்ளைக் கீறலும் தெரிய ஆரம்பித்தன. வெளிர் நிறத்தில் அவ்வளவு தெரியாது. மேட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: டியூப்லைட் வெளிச்சம் அடிக்காததால் வயதானவர்களும் சின்ன எழுத்தைப் படிக்க முடிகிறது. அதனால் வெளிர் நிற லேபிள் என்றால் மேட், அடர் நிறம் என்றால் கிளாஸ் என்பேன்.

லேமினேஷன் மேல்பக்கத்தை மட்டும்தான் காக்கும். வெட்டிய ஓரத்தில் காகிதம் திறந்தே இருக்கிறது. ஐஸ் பெட்டியில் கிடக்கும் ஜூஸ் பாட்டிலில் அந்த ஓரம் வழியாகத் தண்ணீர் ஏறி, லேபிள் உப்பி எழும்பிவிடும். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் இழுத்து விரியும், மேலே இருக்கும் படலம் விரியாது. ஒட்டாமல் வைத்திருக்கும் லேபிள் சுருள்வது இதனால்தான். இதற்கெல்லாம் வழி, காகிதத்தையே விட்டுவிட்டு வெள்ளை பிபி ஸ்டிக்கரில், அதாவது பிளாஸ்டிக் ஸ்டிக்கரில் அடிப்பது. அழுத்தினால் நெளியும் பிளாஸ்டிக் பாட்டிலிலும் அது கூடவே நெளிந்துகொடுக்கும். இப்போது என் எண்ணெய் பாட்டிலில் பிபி ஸ்டிக்கர், மேலே கிளாஸ் லேமினேஷன். எள்ளுப்பொடி டப்பாவுக்குக் குரோமோவும் தண்ணீர் வார்னிஷும்தான், மாற்றவே இல்லை. பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கழுவி நிரப்புகிறவர்களுக்கும் வார்னிஷ் போட்ட காகிதமே நல்லது. வெந்நீரில் ஊறி உரிந்து வரும். லேமினேஷன் போட்டதைச் சுரண்டிக் கை வலிக்கும்.

எதை எடுத்தாலும் மாதிரியை முதலில் வீட்டில் சோதியுங்கள். காலி பாட்டிலில் ஒட்டி, ஓரத்தில் எண்ணெய் தடவி ஒரு ராத்திரி வையுங்கள். இன்னொன்றைத் தண்ணீரில் போடுங்கள். தேதி முத்திரை குத்தி, பத்து நிமிடம் கழித்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். யுவி மேலும் லேமினேஷன் மேலும் சாதாரண ஸ்டாம்ப் மை காயாமல் கையோடு வந்துவிடும். யுவி என்றால் தேதி, பேட்ச் எண், விலை வரும் இடத்தில் மட்டும் பூச்சில்லாமல் விடச் சொல்லலாம். அச்சடிக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். லேமினேஷனில் படலம் முழுக்க மூடிவிடும், அங்கே ரெசின் ரிப்பன் (சூட்டில் லேபிளில் பதியும் பிசின் மை நாடா) போட்ட பிரிண்டரில் தேதி அடிக்கிறேன். மெழுகு மை கொண்ட வேக்ஸ் ரிப்பனில் அடித்துப் பார்த்தேன், எண்ணெய்க் கை பட்டதும் அழிந்தது.