ஜாயின்ட் அக்கவுன்ட் சேர்ந்தது, ஓடிபி சேரலை

கூட வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி, கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகிறது, போன வாரம் ஸ்டாஃப் ரூமில் கேட்டாள். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் ஜாயின்ட் அக்கவுன்ட்லதானே வீட்டை ஓட்டுறீங்க? எப்படி இருக்கு, நாங்களும் ஆரம்பிக்கலாமா?" அவள் கேட்ட நேரம் சரியில்லை, நான் ஏற்கெனவே கடுப்பில் இருந்தேன். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தால் இவ்வளவு நீளத்துக்குப் போய்விட்டது. அவளைப் போல யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் உதவும் என்றுதான் இங்கே போடுகிறேன்.

2021-ல் ஆரம்பித்தோம். ஃபார்மில் 'ஐதர் ஆர் சர்வைவர்' (ரெண்டு பேரில் யார் வேண்டுமானாலும் தனியாகக் கணக்கை நடத்தலாம், ஒருத்தர் தவறினால் மற்றவருக்கு) என்று டிக் அடித்த சாதாரண சேமிப்புக் கணக்கு. சம்பளம் ஏறிய மறுநாள் அவரவர் சம்பளத்தில் பாதி தானாக அதில் போய் விழும். ஆளுக்கு ஒரே தொகை போடலாம் என்றுதான் முதலில் வீட்டுக்காரர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, எனக்கோ தனியார் பள்ளிச் சம்பளம். ஒரே தொகை என்றால் அவருக்கு உறைக்கவே உறைக்காது, எனக்குப் பத்தாம் தேதியே மாசக் கடைசி வந்துவிடும். அவரவர் சம்பளத்தில் பாதி என்றால் ரெண்டு பேருக்கும் ஒரே அளவு வலிக்கும்.

வாடகை, கரன்ட் பில், கேஸ், பால், பள்ளி வேன், மளிகை, அத்தையின் (மாமியாரின்) பிரஷர் மாத்திரை எல்லாம் இதிலிருந்து போகும். எங்கள் அம்மா வீட்டுக்கு நான் செய்வது என் சொந்தக் கணக்கிலிருந்து, நாத்தனாருக்கு அவர் செய்யும் சீர் அவர் கணக்கிலிருந்து. நகைச் சீட்டு என் பாடு, பைக்குக்கு மாட்டும் அலங்காரமெல்லாம் அவர் பாடு. இந்த ஒரு விதியால் நின்ற சண்டைகளுக்கே தனியாக மார்க் போடலாம். "உங்க தங்கச்சிக்கு மட்டும்" என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை நான் சொல்லி வருஷக்கணக்காகிறது.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் பாஸ்புக். அதை நாங்கள் ரெண்டு பேரும் தொடுவதே இல்லை, அத்தைதான் வைத்திருக்கிறார். மாசம் ஒருமுறை காலை நடைக்குப் போகிறவர் அப்படியே வங்கி வாசல் மெஷினில் பின்அட்டை பார்கோடைக் காட்டி என்ட்ரி போட்டுக்கொண்டு வருவார். அதில் எல்லாம் 'யுபிஐ/டிஆர்' என்று ஒரு நீள எண்ணும் அரைகுறைப் பெயருமாகத்தான் அச்சாகும், மனுஷனுக்குப் புரியாது. அத்தை பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'பால்', 'வேன்', 'மருந்து' என்று பொடி எழுத்தில் எழுதுவார். தெரியாத வரிக்கு ஒரு கேள்விக்குறி. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் கேள்விக்குறிக்கெல்லாம் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். செலவுக் கணக்கு எழுத எத்தனையோ செயலி இருக்கிறது, நானும் ஃபோனில் ஏற்றிப் பார்த்தேன். எதுவும் என்னைப் பார்த்து "இந்த 799 எதுக்கும்மா?" என்று கேட்டதில்லை.

2024 கோடையில் கரன்ட் பில் எகிறியதைக் கண்டுபிடித்ததும் அத்தையின் பென்சில்தான். முந்தின பில்லுக்குப் பக்கத்தில் வட்டம் போட்டிருந்தார். நம் ஊரில் ரீடிங் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டாதவரை 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கு மலிவு விலை. 501-ல் கால் வைத்தால் அந்த மலிவு விலையே கிடையாது, அதற்கு மேலே உள்ள யூனிட்டுக்கும் விலை படிப்படியாக ஏறும். அதிலிருந்து ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்னாடியே அத்தை மீட்டரை எட்டிப் பார்த்துவிடுவார். எண் 500-ஐ நெருங்கினால் எங்கள் வீட்டு ஏசிக்கு விடுமுறை.

காய், பூ, இஸ்திரி இதற்கெல்லாம் மாசா மாசம் ஒரு தொகையை ரொக்கமாக எடுத்து அத்தையிடம் கொடுத்துவிடுகிறோம். அதற்குக் கணக்கு கேட்பதில்லை. கொத்தமல்லிக் கட்டுக்கெல்லாம் கணக்கு எழுத ஆரம்பித்தால் வீடு நடத்த முடியாது.

சர்வைவர் என்ற வார்த்தைக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. மாமனார் தவறியபோது அவர் கணக்கு அவர் ஒருத்தர் பெயரில்தான் இருந்தது, நாமினியும் போடவில்லை. அதிலிருந்த கொஞ்சப் பணத்துக்காக வாரிசுச் சான்றிதழ், எல்லோர் கையெழுத்து, நோட்டரி என்று அத்தை தாலுகா ஆபீஸுக்கும் வங்கிக்குமாக நடந்தார். ஐதர் ஆர் சர்வைவரில் அந்தத் தொல்லை இல்லை, இருப்பவருக்குப் பணம் நேராகப் போய்ச் சேரும். ரெண்டு பேருமே இல்லை என்றால்தான் நாமினிக்கு. அதுவும் 2025 நவம்பர் 1-லிருந்து நாலு பேர் வரை நாமினி போடலாம் என்று சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். வெறும் வட்டிக்காக யாரும் இந்தக் கணக்கை ஆரம்பிக்காதீர்கள், பெரிய வங்கிகளில் சேமிப்புக் கணக்கு வட்டி 2.5 சதவீதம்தான்.

இதுவரைக்கும் படித்தவர்கள் நாளைக்கே வங்கிக்குப் போகலாம் என்று நினைத்திருப்பீர்கள். இருங்கள்.

எங்கள் வங்கியில் இந்தக் கணக்குக்கு முதல் பெயர் அவருடையது. ஃபார்மில் பேனாவை அவர் முதலில் வாங்கினார், அவ்வளவுதான் காரணம். அதனால் கணக்கில் பதிவான ஃபோன் நம்பர் அவருடையது. ஓடிபி, எஸ்எம்எஸ் எல்லாம் அந்த ஒரு ஃபோனுக்குத்தான் வரும். அவர் வேலை பார்க்கும் பிளான்ட்டில் ஃபோனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலை ஷிஃப்ட் என்றால் ஆறிலிருந்து ரெண்டு வரை எங்கள் குடும்பத்தின் ஓடிபி முழுக்க ஓர் இரும்புப் பெட்டிக்குள் கிடக்கும்.

செக் புத்தகத்தில் என் ஒருத்தி கையெழுத்துப் போதும். நினைத்தால் மொத்தப் பணத்தையும் வழித்துக்கொண்டு போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். என் பெயரில் தனி டெபிட் கார்டு இருக்கிறது, சூப்பர் மார்க்கெட்டில் 5,000 ரூபாய் வரை பின் கூட இல்லாமல் தட்டிவிட்டு வந்துவிடலாம். அதே கார்டில் வீட்டிலிருந்தபடி பிள்ளையின் டெர்ம் ஃபீஸ் கட்ட முடியாது. ஓடிபி லாக்கரில். யுபிஐயில் சேர்க்கப் போனால் 'இந்த எண்ணில் கணக்கு இல்லை' என்கிறது. அதனால் என் சொந்தக் கணக்கிலிருந்து கட்டிவிட்டு, சாயங்காலம் "அந்த ஃபீஸ் காசை அனுப்புங்க" என்று வாட்ஸாப்பில் கேட்கிறேன். என் பாதிச் சம்பளமும் அதில்தான் கிடக்கிறது. கேட்டு வாங்குவதற்கா ஜாயின்ட் அக்கவுன்ட்?

பிரான்ச்சுக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர், நம்பர் மாற்ற வேண்டுமென்றால் முதல் பெயர்க்காரர் நேரில் வந்து ஃபார்ம் கொடுக்கணும் என்றார். சரி, பெயர் வரிசையை மாற்றித் தாருங்கள் என்றேன். "அது முடியாதும்மா. இதை மூடிட்டுப் புதுசா ஆரம்பிச்சுக்குங்க." மூடினால் வாடகை மாசா மாசம் தானாகப் போகப் போட்ட ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன், இன்ஷூரன்ஸ், பிராட்பேண்ட் ஆட்டோபே எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓடிபி வேண்டும். அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

ஆட்டோபேயைக் குறை சொல்லவில்லை. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி வைத்த விதிப்படி, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னாலேயே தகவல் சொல்லியாக வேண்டும். 15,000 ரூபாய் வரையான மாதத் தவணைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது. நல்ல விதி. ஆனால் அந்த முன் தகவலும் அவர் ஃபோனுக்குத்தான். அவர் திறந்து பார்க்காத எஸ்எம்எஸ் ஆயிரம் இருக்கும்.

வீட்டுக்காரர் பாவம், நல்ல மனசோடு ஒரு வழி சொன்னார். 2024-ல் வந்த யுபிஐ சர்க்கிளில் அவர் என்னைச் சேர்த்துவிடலாமாம். முதன்மைப் பயனர் அஞ்சு பேர் வரை துணைப் பயனராகச் சேர்க்கலாம், முழு அனுமதி கொடுத்தால் மாசம் 15,000 வரை அந்தக் கணக்கிலிருந்து அவர்களே செலவு செய்யலாம். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைக்கு, யுபிஐ பின்னுக்குப் பயப்படும் பெரியவர்களுக்கு அருமையான ஏற்பாடு. என் பாதிச் சம்பளம் போய் விழும் கணக்கில் நான் துணைப் பயனரா? அன்று ராத்திரி தோசை ஒரு பக்கம் கருகித்தான் வந்தது.

போன வாரம் நடந்தது இதுதான். சிலிண்டர்காரர் 14.2 கிலோ கேஸ் நிரப்பிய சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ரெண்டு மாடி ஏறி வந்து, இறக்காமலே கேட்டார். "நாலு நம்பர் கோடு வந்திருக்கும், சொல்லுங்கம்மா." கேஸ் இணைப்பிலும் வீட்டுக்காரர் நம்பர். மணி பத்தரை. லாக்கர். "கோடு இல்லாம ஆப்ல டெலிவரி போட முடியாது. ஷிஃப்ட் முடியற வரைக்கும் நான் இதைச் சுமந்துக்கிட்டு நிக்கவா?" சிலிண்டர்காரர் மேல் தப்பே இல்லை. படியில் 'டங்' என்று ஒருமுறை இறக்கி மூச்சு வாங்கினார், திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அந்தச் சத்தத்துக்குக் கீழ் வீட்டுக்காரம்மா வேறு வெளியே வந்து பார்த்தார். மறுநாளே ஏஜென்சிக்குப் போய் என் நம்பரைக் கொடுத்து மாற்றிவிட்டேன், ஒரு ஃபார்ம், ஒரு ஆதார் நகல், முடிந்தது. கேஸுக்கு முடிகிற காரியம் வங்கிக்கு முடியவில்லை.

வீட்டுக்காரரைப் பிரான்ச்சுக்கு இழுத்துக்கொண்டு போகலாமே என்பீர்கள். அவருக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. வங்கிக்கும்.

ஆகவே தங்கச்சிக்கு என் பதில்: வேண்டாம். அஞ்சுக்கு ரெண்டு மார்க். பாஸ்புக்குக்கு ஒன்று, சர்வைவருக்கு ஒன்று. இதையே பொங்கல் சமயத்தில் கேட்டிருந்தால் நாலரை போட்டிருப்பேன், அதுவும் உண்மைதான். எங்கள் கணக்கை மூடுவீர்களா என்று கேட்காதே, மூட மாட்டேன். அத்தையின் பென்சிலுக்கு வேலை வேண்டாமா?

இல்லை, ஆரம்பித்தே தீருவேன் என்றால் பேனாவை நீ முதலில் வாங்கு. ஃபார்மில் முதல் கோட்டில் உன் பெயர், உன் நம்பர். உன் வீட்டுக்காரர் "ஓடிபி சொல்லும்மா"ன்னு உனக்கு ஃபோன் பண்ணட்டும். கிளாஸ்ல இருந்தா எடுக்காதே.