ராணுவ டூல் பாக்ஸ் சீரமைப்பு கிட்: ஸ்க்ரூ அருமை, பச்சைதான் சிக்கல்

பழைய ராணுவ மரப்பெட்டிகளை அசல் மாறாமல் புதுப்பிக்கலாம் என்று சொல்லி விற்கும் ஒரு கிட்டை வாங்கிப் பயன்படுத்தினேன். லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) பெயின்ட் ஒரு டின், துரு நீக்கும் திரவம், ஒரு பொட்டலம் ஸ்க்ரூ, ஸ்டென்சில் தகடு, கைப்பிடிக்குக் கயிறு. என்னிடம் இருப்பது பிரிட்டிஷ் ராணுவப் பெட்டி. மூடியின் உள்பக்கம் அகன்ற அம்புக்குறியும் 1943 என்ற ஆண்டும் மரத்தில் பதிந்திருக்கின்றன. அரசாங்கச் சொத்து என்பதற்கு அவர்கள் காலங்காலமாகப் போட்டுவந்த முத்திரை அந்த அம்பு.

முதலில் திரவம். அமிலம் இல்லாத வகை. துருவை மட்டும் பிடித்து இழுக்கும், நல்ல இரும்பைத் தொடாது. கீல்களையும் கொண்டியையும் கழற்றி ராத்திரி ஊறப்போட்டேன். காலையில் பழுப்புத் தூள் எல்லாம் போய், கீலின் ஓரத்தில் இருந்த சின்ன எண்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. வெளியே எடுத்ததும் கழுவித் துடைத்து உடனே எண்ணெய் தடவிவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி துரு பூக்கும். இதற்கு முழு மதிப்பெண்.

பெயின்டும் தரமானதுதான். மெல்லிசாக இழுத்தால் மர ரேகை லேசாகத் தெரிகிற அளவுக்குப் படிகிறது, பளபளப்பு குறைவு. சிக்கல் நிறத்தில். டின்னில் 'ராணுவப் பச்சை' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரே ஒரு பச்சை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. போர்க்காலத்தில் பச்சைக்கு வேண்டிய குரோமியம் ஆக்சைடு தட்டுப்பாடானதால் பிரிட்டிஷ் ராணுவம் பழுப்புக்கு மாறியது. அதற்குப் பெயர் எஸ்.சி.சி. 2 (எஸ்.சி.சி. என்பது உருமறைப்பு நிறங்களுக்கு அவர்கள் வைத்த தரப் பட்டியல்). 1944இல்தான் எஸ்.சி.சி. 15 என்ற ஆலிவ் நிறம் வந்தது, அமெரிக்காவிலிருந்து வந்த வண்டிகளின் நிறத்தோடு ஒத்துப்போகட்டும் என்று. என் பெட்டியில் கீலைக் கழற்றிய இடத்தைப் பார்த்தேன்: மேலே பச்சை, அதற்கடியில் சாக்லேட் மாதிரிப் பழுப்பு, அதற்கும் கீழே வெறும் மரம். 1943க்கு அந்தப் பழுப்புதான் பொருத்தம். ஆக, கிட்டில் வந்த டின்னை ஓரமாக வைத்துவிட்டுப் பழுப்பைத் தனியாகக் கலக்க வேண்டியதாயிற்று. பெட்டியின் ஆண்டைப் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்ன அட்டவணை வைத்திருந்தால் போதும், இந்தக் குறை இருந்திருக்காது.

கையேட்டில் விட்டுப்போன விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாளை உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பக்கூடாது. நனைத்துத் தேய்க்க வேண்டும், நல்ல மாஸ்க் போட வேண்டும். லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்பதை மட்டும் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

ஸ்டென்சில் வீண். பிளாஸ்டிக் தகடு தடிமனாக இருப்பதால் மரத்தோடு ஒட்டி உட்காரவில்லை, அடியில் பெயின்ட் கசிகிறது. எழுத்தும் கம்ப்யூட்டரில் நேற்று வரைந்தது போல அத்தனை ஒழுங்கு. நான் பெயின்டைத் தொடுவதற்கு முன்பே பழைய எழுத்துகளை டிரேசிங் தாளில் வரைந்து வைத்திருந்தேன். அதைப் பார்த்து எண்ணெய் ஏற்றிய அட்டையில் வெட்டி, பிரஷை கிட்டத்தட்டக் காய்ந்த பதத்தில் வைத்துக் குத்திக் குத்தி எடுத்தேன். ஓரம் கொஞ்சம் மங்கலாக விழுந்தது. சரி, பழசிலும் அப்படித்தான் இருந்தது.

கயிறு பரவாயில்லை.

ஸ்க்ரூ விஷயத்தில்தான் கிட் செய்தவர்களின் அக்கறை தெரிகிறது. ஒற்றைக் கோட்டுத் தலை, முலாம் பூசாத இரும்பு, அளவும் பழைய ஓட்டையில் இறுக்கமாக உட்காருகிறது. இதே வேலைக்குப் பலர் வெள்ளை முலாம் பூசிய கூட்டல் குறி ஸ்க்ரூவைப் போட்டுவிடுகிறார்கள். எத்தனை நேர்த்தியாகப் பெயின்ட் அடித்தாலும் கண் அங்கேதான் போய் நிற்கும்.

உங்கள் பெட்டி 1944க்குப் பிந்தையதாக இருந்தால் கிட்டை அப்படியே வாங்கலாம், ஸ்டென்சிலை மட்டும் மறந்துவிடுங்கள். அதற்கு முந்தையது என்றால் திரவமும் ஸ்க்ரூவும் போதும். ஆனால் அவற்றைத் தனியாக விற்பதில்லை. விற்றால் எனக்கு இன்னும் ஒரு பொட்டலம் ஸ்க்ரூ வேண்டும்.