பழைய ஓட்டு வீட்டுக் கூரையைப் பிரிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கும், அப்படி ஒன்றை வாங்கிக் குடியேறலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. எங்களை ஏமாற்றிய ஒப்பந்தக்காரர் முன்பணத்தோடு ஓடிப்போனவர் இல்லை. சொன்ன தேதிக்கு ஆட்களோடு வந்தார், வேலையை முடித்தார், மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனார். வீட்டிலிருந்த தேக்கையும் நல்ல ஓடுகளையும் குப்பை என்று சொல்லி அள்ளிப் போயிருக்கிறார் என்பது ஐப்பசி மழையில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வீடு சின்னது. இரண்டு அறை, ஒரு கணப்பு, பின்பக்கம் விறகடுப்போடு சமையலறை, முன்னால் கண்ணாடி அடைத்த வராந்தா. இவர், என் கணவர், கோவையில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வாங்கினோம். கருங்கல்லை மண்சாந்தில் வைத்துக் கட்டிய சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, கூரைக்கு மங்களூர் ஓடு. "சல்லிவன் காலத்து வீடு" என்றார் புரோக்கர். இந்த ஊரில் விற்பனைக்கு வரும் எல்லா ஓட்டு வீடும் சல்லிவன் காலத்து வீடுதான்! கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிக்கு மலையேறி வந்தது 1819இல். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1860களில். கூரையைப் பிறகு மாற்றியிருக்கலாம், அது வேறு கதை. எப்படியும் பழைய வீடு, அதில் சந்தேகமில்லை.

ஏறக்குறைய 6,000 அடி உயரம். சித்திரையிலும் ராத்திரி கம்பளி வேண்டும். மழைக்காலத்தில் துணி நாட்கணக்கில் காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடும், தீப்பெட்டியைக் கணப்பு மேடையில் வைத்திருந்தால்தான் உரசியதும் பற்றும். எண்ணெய் வாசனைக்குக் கரடி வந்து கதவைப் பிறாண்டும் என்பதால் படுக்கப் போகுமுன் சாமி விளக்கைக் குளிர்வித்து எண்ணெய்ப் பாத்திரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவது என் வேலை. இவர் வேலை விறகு. இதெல்லாம் எங்களுக்குப் பழகி, பிடித்தும் போய்விட்டது. வராந்தா மூலையிலும் படுக்கையறை ஓரத்திலும் இருந்த ஒழுகல் மட்டும் பெரிய மழைகளில் தொல்லை கொடுத்தது. அதைச் சரிபண்ணத்தான் ஆள் தேடினோம்.

வந்தவர் தெரிந்தவர் மூலம் வந்தவர்தான். டார்ச் அடித்துக் கூரையைச் சுற்றிப் பார்த்தார். ஏணி போட்டு, கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரம் ஒன்றை, அது சுவரில் உட்காரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். பொலபொலவென்று தூள் கொட்டியது. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு இறங்கி வந்து எங்கள் இருவருக்கும் காட்டினார். "பூராம் உளுத்துப் போச்சுங்கம்மா. ராத்திரி படுத்திருக்கறப்ப மேல விழுந்தா என்ன பண்ணுவீங்க?" இவர் முகம் மாறிவிட்டது.

4,80,000 ரூபாய்க்கு வாட்ஸ்அப்பில் மதிப்பீடு வந்தது. கைமரமும், அதன் குறுக்கே ஓடு மாட்ட அடிக்கும் ரீப்பர் சட்டமும் புதிதாகத் தேக்கில், உடையாத ஓடுகளையே திரும்ப அடுக்குவது, உள்சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு, மேலே வாட்டர்ப்ரூப் பெயிண்ட். குளிர் இறங்காமல் இருக்கப் பிவிசி சீலிங் அவர் கணக்கில் இலவசம். இன்னொன்றும் சொன்னார்: "பழைய மரம், உடைஞ்ச ஓடு எல்லாத்தையும் நானே அள்ளிக்கறனுங்க சார். லாரி வாடகைகூட உங்களுக்கு வேண்டாம்." மலையில் ஒரு லோடு குப்பையை அகற்ற என்ன செலவாகும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நல்ல மனுஷன் என்று இவர் அவருக்கு டீ போடச் சொன்னார்.

அந்த லாரிதான் விஷயமே.

பிறகு அரவேனுப் பக்கத்திலிருந்து வந்து பார்த்த வயதான மேஸ்திரி ஒருவர் எனக்கு இதை விளக்கினார். பழைய தேக்குக் கைமரம் முழுக்க உளுத்துப் போவது அபூர்வமாம். சுவர் மேல் உட்காரும் நுனியில்தான் ஈரம் ஏறிக் கெடும். நடுமரம் இரும்பு மாதிரி இருக்கும். கெட்ட நுனியை மட்டும் அறுத்து ஒட்டுப் போட்டாலே போதும். குத்திக் காட்ட விரும்புகிறவர் நுனியில்தான் குத்துவார், ஓர் அடி தள்ளிக் குத்த மாட்டார். அறுத்துக் காய்ந்து இத்தனை காலம் நின்ற தேக்குக்குப் பழைய மரக் கடைகளில் நல்ல விலை. அடியில் தொழிற்சாலை முத்திரை உள்ள பழைய ஓட்டுக்கும் ரிசார்ட் கட்டுகிறவர்கள் மத்தியில் கிராக்கி. எங்கள் வீட்டுக் கூரைக்கு நாங்கள் பணம் கொடுத்தோம், அதே கூரையை விற்று இன்னொரு தரமும் அவர் பணம் பார்த்துவிட்டார்.

புதிய மரம் என்று வந்ததை நாங்கள் மரமாகப் பார்க்கவே இல்லை. இறக்கும்போதே அரக்கு நிறப் ப்ரைமர் அடித்து வந்தது. "கரையானுக்கு மருந்தடிச்சுக் கொண்டாந்திருக்கனுங்க" என்றார். மேஸ்திரி உளியால் ஒரு சீவு சீவியதும் உள்ளே வெளிறிய சிவப்பில் பூப்பூவாக ரேகை தெரிந்தது. சில்வர் ஓக். இங்கே தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நடுகிற மரம். நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்தினால் அதுவும் குறைந்த மரமில்லை என்றார், ஆனால் கரையானுக்குத் தாங்காது. எங்களுக்கு வந்ததோ பச்சை மரம். ஆணி அடித்த இடமெல்லாம் வெடித்து, வளைந்து நின்றது.

ரீப்பரில் நடந்த வேலை இதைவிட நுணுக்கம். மங்களூர் ஓட்டுக்கு அடியில் காது மாதிரி இரண்டு முனை இருக்கும், அதுதான் ரீப்பரில் மாட்டும். ஓட்டின் அளவுக்கு ரீப்பருக்கு ரீப்பர் சுமார் பன்னிரண்டரை அங்குலம் விட வேண்டும். அப்போதுதான் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் சரியாகப் படிந்து பள்ளத்துக்குள் உட்காரும். எங்கள் கூரையில் ஓரங்குலத்துக்கு மேல் கூட்டி அடித்திருந்தார்கள். பக்கத்துக்கு ஒரு வரிசை ரீப்பரும் ஒரு வரிசை ஓடும் மிச்சம். படிவு குறைந்த இடத்தைச் சிமெண்டு வைத்துப் பூசி, மேலே சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பெயிண்டுக்குக் கீழே பாதி பழைய ஓடு, பாதி வேறு அச்சில் வார்த்த மட்டமான ஓடு. ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. உள்ளேயிருந்து அண்ணாந்து பார்த்தால் எல்லாம் தெரிந்திருக்கும். அதற்குத்தான் அந்த இலவச சீலிங்.

வேலை நடந்தது சித்திரை, வைகாசியில். ஆனியில் முடித்துவிட்டார். இதில் மலைக்குப் புதியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூடலூர், ஊட்டிப் பக்கம் கொட்டும் தென்மேற்குப் பருவமழை கிழக்குச் சரிவிலிருக்கும் கோத்தகிரிக்கு அவ்வளவாக வராது. சாரல், தூறல், அவ்வளவுதான். எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து காற்றோடு சாய்வாக அடிக்கும். ஆடித் தூறலில் வந்து நின்று, "பாருங்கம்மா, ஒரு சொட்டு இறங்குதா?" என்று கேட்டு மீதி மொத்தத்தையும் வாங்கிப் போனார். ஒரு சொட்டும் இறங்கவில்லைதான்.

ஐப்பசியில் முதல் பெரிய மழை ராத்திரியில் பிடித்தது. படுக்கையறைச் சீலிங் பலகை நடுவில் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. இவர் கட்டிலை ஒருபக்கம் இழுக்க, நான் எதிர்ப்பக்கம் இழுக்க, எந்தப் பக்கம் என்பதில் எங்களுக்குள் சண்டை. அதற்குள் பலகை மூட்டு விட்டு, தேங்கியிருந்த சிவப்புத் தண்ணீர் மொத்தமாக மெத்தை மேல் விழுந்தது. பெயிண்ட் கரைந்த தண்ணீர். மிச்ச ராத்திரியைச் சமையலறையில் விறகடுப்பு முன்னால் மணை போட்டு உட்கார்ந்து கழித்தோம். அந்த ஓர் அறையில் மட்டும் அவர் கை வைக்கவில்லை, அது ஒழுகவும் இல்லை.

போன் செய்தபோது முதலில் "மலைல மழைன்னா கொஞ்சம் ஒழுகத்தானுங்கம்மா செய்யும்" என்றார். அடுத்து, குரங்கு ஓட்டை நகர்த்தியிருக்கும் என்றார். கடைசியாக இவர் கோபமாகப் பேசியபோது, "பில்லு இருக்குதுங்களா சார்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பில் தரவில்லைதான். ஜிஎஸ்டி சேர்த்தால் தொகை கூடும் என்று சொல்லியிருந்தார்.

சுவர்க்கதை தனி. மண்சாந்துச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழி விடும். சிமெண்டு விடாது. தை மாதத்துக்குள் ஓதம் இடுப்பு உயரத்துக்கு ஏறி, வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. விரலால் தட்டினால் பொக்கென்று சத்தம் கேட்டால் அந்த இடம் விட்டுவிட்டது என்று அர்த்தம். எங்கள் படுக்கையறைச் சுவரில் எங்கே தட்டினாலும் அந்தச் சத்தம்தான்.

சரி, பில் இல்லாமல் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், செய்ய முடியும். பணம் எல்லாம் வங்கி வழியாகவும் யூபிஐயிலும் போயிருந்தது. மதிப்பீடு, "தேக்கு" என்று அவரே எழுதிய செய்தி, முன்பணம் கேட்ட குரல் பதிவு எல்லாம் வாட்ஸ்அப்பில் இருந்தன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, நாமே வாதாடலாம். 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம். அதற்கு அவர் தரப்பில் பதிலே இல்லை. பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு ஊட்டியில் புகார் கொடுத்தோம். வாட்ஸ்அப் பிரதிகளோடு, மின்னணுப் பதிவுகளுக்கு வேண்டிய சான்று ஒன்றையும் புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவின்படி இணைக்கச் சொன்னார்கள். பழைய சட்டத்தில் 65பி என்றிருந்ததுதான் இப்போது 63.

கஷ்டம் என்னவென்றால், கூரையை உடனே பிரித்துச் சரிசெய்தால் சாட்சி போய்விடும். பிரிக்காவிட்டால் வீட்டில் இருக்க முடியாது. அதனால் நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையம் அனுப்பிய வக்கீலான அட்வகேட் கமிஷனர் பொறியாளரோடு வந்து அளந்து போகும்வரை நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளினோம். அவர்கள் டேப் வைத்து ரீப்பர் இடைவெளியை அளந்து எழுதிய பிறகுதான் மேஸ்திரியை ஏற விட்டோம். படுக்கையறைப் பக்கம் இப்போது முடிந்துவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது. அதில் கலக்கும் கடுக்காய்த் தண்ணீர் நாற்றம் வராந்தாவைத் தாண்டித் தெருவரை அடிக்கிறது. இவருக்கு அது பிடித்திருக்கிறதாம்.

வழக்கு வாய்தாவில் இருக்கிறது. அந்த ஒப்பந்தக்காரர் இப்போது குன்னூர்ப் பக்கம் கூரை வேலை எடுத்திருப்பதாகக் கேள்வி. அவராகவே இருக்க வேண்டும் என்றில்லை, யார் வந்து "பழசை நானே அள்ளிக்கறேன்" என்றாலும், மரத்தை நுனியில் மட்டுமல்ல, நடுவிலும் உங்கள் கையால் குத்திப் பாருங்கள். பிரித்த ஓட்டை உங்கள் முற்றத்திலேயே அடுக்கி எண்ணச் சொல்லுங்கள், அடியில் உள்ள முத்திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது மரம் ப்ரைமர் அடிக்காமல் வரட்டும். சீலிங்கைக் கடைசியில் போடட்டும், கார்த்திகை முடிந்த பிறகு போட்டால் இன்னும் நல்லது. மீதிப் பணத்தையும் அதுவரை கையில் வைத்திருங்கள். முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.