செப்டம்பர் உரமா, நவம்பர் உரமா?

செப்டம்பர் பிறந்தால் நியூஜெர்சியில் எங்கள் எடிசன் ஊர்ப் பக்கத்துக் கடைகளில், வீட்டுப் புல்தரைக்கான உர மூட்டைகள் வாசலுக்கே வந்துவிடும். பாதி மூட்டைகளில் ‘வின்டரைசர்’ என்று எழுதியிருக்கும். குளிர்காலத்துக்கான உரம்தானே, குளிர் நெருங்கும்போது போடலாம் என்று நானும் முதல் 2 வருடம் நவம்பரில்தான் போட்டேன். இப்போது மாறிவிட்டேன். ஒரே ஒரு மூட்டைதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள்.

நியூஜெர்சியில் வீட்டைச் சுற்றி வளர்வது கென்டக்கி புளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் மாதிரி குளிர்ச்சியை விரும்பும் புற்கள். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் துவண்டு கிடக்கும். செப்டம்பரில் காற்று குளிர்ந்துவிடும், ஆனால் மண்ணில் சூடு மிச்சமிருக்கும். நெல் தூர் கட்டும் என்போமே, புல்லும் அப்போதுதான் தூர் கட்டும், வேரை இறக்கும். ஒரு கொத்தை அடியில் விலக்கிப் பாருங்கள். பழுத்த இலையை ஒட்டி வெளிர்பச்சையில் ஊசி மாதிரி புது முளை எட்டிப் பார்க்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) அதற்குத்தான் வேண்டும்.

நவம்பர்க் கட்சியிலும் நியாயம் உண்டு. இலை வளர்வது நின்றாலும் பச்சை இருக்கும்வரை புல் கொஞ்சம் சத்தை எடுத்துச் சேர்த்து வைக்கும், வசந்தத்தில் சீக்கிரம் பச்சை பிடிக்கும். ஆனால் மண் குளிரக் குளிர வேர் உறிஞ்சுவது குறைந்துகொண்டே போகும். மிஞ்சியது மழையோடு கரைந்து ஓடைக்குப் போய்விடும். அளவு மீறினால் பனி உருகும்போது புல்லில் பூஞ்சையும் பிடிக்கலாம்.

சட்டமும் இருக்கிறது. நியூஜெர்சிக் கடலோரத்தில் உள்ள பார்னகாட் விரிகுடா, ஓடிவரும் உரத்தால் பாழாவதைத் தடுக்க 2011ல் வந்தது. நவம்பர் 15க்குப் பிறகு மார்ச் 1 வரை வீட்டுக்காரர்கள் தழைச்சத்து உரம் போடக் கூடாது. ஒரு தடவைக்கு 1,000 சதுர அடிக்கு 0.9 பவுண்டு தழைச்சத்துதான் உச்சவரம்பு. மூட்டையில் 22-0-10 என்றிருந்தால், முதல் எண் தழைச்சத்தின் சதவீதம். அதாவது 20 பவுண்டில் 4.4 பவுண்டு தழைச்சத்து. 5,000 சதுர அடிக்குப் பரப்பினால் 1,000க்கு 0.88. சரியாக இருக்கும். நடுவில் உள்ள பூஜ்யம் மணிச்சத்து (பாஸ்பரஸ்). ஏற்கனவே வளர்ந்து நிற்கும் புல்லுக்கு, மண் பரிசோதனையில் குறை தெரியாமல் அதைப் போட அனுமதி இல்லை. ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மண் அனுப்பினால் சொல்லிவிடுவார்கள்.

மெல்லக் கரைவதா, உடனே கரைவதா என்றால், செப்டம்பருக்கு மெல்லக் கரைவது அதிகமுள்ள மூட்டை. மண் சூட்டில் அது வாரக்கணக்கில் ஊட்டிக்கொண்டே இருக்கும். நவம்பரில் அதே மூட்டை குளிர்ந்த மண்ணில் சும்மா கிடக்கும். அப்போது போட்டே ஆக வேண்டுமென்றால், உடனே கரைவது கூடுதலாக உள்ளதை, பாதி அளவில், மாத முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

என் வீட்டில் நவம்பருக்கு வேறு ஏற்பாடு. மேப்பிள் இலைகளை வாரிக் கொட்டாமல் புல்வெட்டும் மெஷினை மேலேயே 2 தடவை ஓட்டுகிறேன். இலை தூளாகிப் புல்லுக்குள் இறங்கிவிடுகிறது. காசில்லாத உரம்.

அப்புறம், உரம் தூவும் ஸ்ப்ரெடர் வண்டியைத் தள்ளும்போது டிரைவ்வேயில் கொஞ்சம் குருணை சிதறத்தான் செய்யும். மழை வருவதற்குள் துடைப்பத்தால் புல்லுக்கே திருப்பித் தள்ளிவிடுங்கள். தெருவோர வடிகாலில் விழுந்தால் அது நேரே ஓடைக்குத்தான் போகும்.