மெர்லினா, டிபி 601ஆ?
இரண்டுமே இரண்டாம் உலகப் போர்க்கால விமான இன்ஜின்கள்; திரவத்தால் குளிரும் வி-12 வகை, அதாவது V வடிவில் 12 சிலிண்டர்கள். ஒற்றுமை அதோடு சரி. ரோல்ஸ்-ராய்ஸ் சொந்தக் காசைப் போட்டு உருவாக்கிய மெர்லின், 1933 அக்டோபரில் முதன்முறை ஓடியது. கொள்ளளவு 27 லிட்டர். ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் டிபி 601க்கோ கிட்டத்தட்ட 34, சிலிண்டர்களும் தலைகீழ்.

பெரிய வித்தியாசம் பெட்ரோல் போகும் வழியில்தான். மெர்லினில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டர்: பெட்ரோல் ஆவியாகும்போது காற்று குளிரும், சக்தி கூடும். ஆனால் விமானி மூக்கைச் சட்டெனக் கீழே தள்ளினால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையில் அது மேலெழும்பி, இன்ஜின் திக்கித் திணறும். டிபி 601 நேரடியாகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சியது. அந்தத் தலைவலியே இல்லை. மெர்லினுக்கு 1941இல்தான் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங், துளையிட்ட சிறு தடுப்பு ஒன்றை வைத்து ஒட்டுப்போட்டார்.

1930களின் கணக்கில் என் ஓட்டு டிபிக்கே. ஆனால் சுமார் 1,000 குதிரைத்திறனில் தொடங்கிய மெர்லின், அதே 27 லிட்டரில் பின்னாளில் 2,000ஐத் தாண்டியது.