கையால் கலப்பதா, பம்பிடம் விடுவதா?

முகத்துவாரத்தில் டூ ஸ்ட்ரோக் படகு மோட்டார் வாங்க நினைப்பவர், ஒயிலைப் பெற்றோலில் தாமே கலப்பதா, மோட்டாரிலுள்ள பம்பே அளந்து சேர்க்கும் வகையை எடுப்பதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

கையால் கலக்கும்போது அளவு நம் பொறுப்பு. 50:1 என்றால் 20 லீற்றர் பெற்றோலுக்கு 400 மில்லிலீற்றர் ஒயில். புது எஞ்சினின் முதல் சில மணி நேரத்துக்குப் பெரும்பாலும் 25:1, அதாவது 800 மில்லிலீற்றர் கேட்பார்கள். கானில் சிறிது பெற்றோலும் முழு ஒயிலும் விட்டு, நன்றாகக் குலுக்கிய பிறகே மீதியை நிரப்ப வேண்டும். பெற்றோலை விட ஒயில் கனமானது என்பதால், குலுக்காவிட்டால் அது அடியில் தங்கி, எஞ்சின் முதலில் புகைந்து, பின்னர் ஒயிலின்றிக் காய்ந்து ஓடும்.

பம்ப் உள்ள மோட்டார் வேகத்துக்கேற்ப ஒயிலைக் கூட்டிக் குறைப்பதால், மெதுவாக வலை இழுக்கும்போது புகையும் பிளக் அழுக்கும் குறையும். ஆனால் குழாயில் காற்று புகுந்தாலோ, உப்பில் அரித்த வயரால் எச்சரிக்கை மணி ஒலிக்காவிட்டாலோ, பிஸ்டன் இறுகும் வரை எதுவும் தெரியாது.

எதுவானாலும் முச்சக்கர வண்டி ஒயிலை விடாதீர்கள். நீரால் குளிரும் மோட்டாருக்குச் சாம்பல் படியாத டிசி-டபிள்யூ3 (TC-W3) என்ற படகு ஒயில் தரமே பொருத்தம். சிறிய மோட்டாருக்கு நான் கைக்கலப்பையே தேர்வேன், ஏனெனில் கானில் ஊற்றிய ஒயிலை என் கண்ணாலேயே பார்த்திருப்பேன்.