போர்டு மாறியது, பூட் வரிசையும் போனது: இரட்டை பூட்டோடு நான்கு வருடம்

விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் வைத்திருக்கும் (அதுதான் இரட்டை பூட்) என் கணினி மதர்போர்டு மாற்றித் திரும்பி வந்த அன்று, பட்டனைத் தட்டியதும் நேராக விண்டோஸில் போய் நின்றது. எதில் எழ வேண்டும் என்று கேட்கும் க்ரப் மெனுவைக் காணோம். லினக்ஸ் இருந்த எஸ்எஸ்டியை சர்வீஸில் அழித்துவிட்டார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். எந்த டிரைவில் முதலில் பூட் ஆக வேண்டும் என்கிற வரிசை டிரைவில் இருப்பதில்லை. போர்டில் உள்ள என்விரேம் என்கிற, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. பழைய போர்டோடு அதுவும் போய்விட்டது. டிரைவில் எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தது.

யுஎஸ்பியிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸில் நுழைந்து, அந்த பூட் பதிவைத் திரும்பப் போட்டேன். பத்து நிமிட வேலை.

க்ரப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தானாக எதில் எழ வேண்டும் என்கிற டிஃபால்ட்டை முதலில் மெனுவின் வரிசை எண்ணை வைத்துத்தான் அமைத்திருந்தேன். அதன் எண்ணிக்கை பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். அந்தக் கணக்கில் விண்டோஸ் 2. ஒருநாள் மெமரி டெஸ்ட் நிரலை நிறுவினேன், அது நடுவில் புகுந்துகொண்டது. மறுநாள் கணினியைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்து வந்தால், விண்டோஸுக்குப் பதில் ராம் சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது! அப்புறம்தான் க்ரப்பின் அமைப்புக் கோப்பில் எண்ணை எடுத்துவிட்டு ‘சேவ்ட்’ என்று எழுதி, சேவ்டிஃபால்ட் வரியையும் ‘ட்ரூ’ ஆக்கி, அப்டேட்-க்ரப் ஓட்டினேன். கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதிலேயே அடுத்த முறையும் எழுந்திருக்கும். விண்டோஸ் அப்டேட் நடுவில் மூன்று தடவை ரீஸ்டார்ட் ஆனாலும் லினக்ஸுக்குத் தாவாமல் அங்கேயே திரும்பி வந்து வேலையை முடிக்கிறது. இந்த ஒரு வரிக்காகவே க்ரப்புக்குக் கோயில் கட்டலாம். (பூட் பகுதி எல்விஎம், பிடிஆர்எஃப்எஸ் போன்ற டிஸ்க் அமைப்பு முறைகளில் இருந்தால் பொதுவாக க்ரப்பால் அதில் எழுத முடியாது, அங்கே இது நடக்காது.)

என் கோபமெல்லாம் ஃபர்ம்வேர் மேல்தான், அதாவது கணினியை முதலில் எழுப்பும், போர்டிலேயே இருக்கும் நிரல் மேல். தூசி தட்டுவதற்காக லினக்ஸ் டிரைவின் சாட்டா கேபிளைக் கழற்றி, அது இல்லாமல் ஒரே ஒரு தடவை கணினியைப் போட்டால் போதும், அதன் பூட் பதிவையே பட்டியலிலிருந்து தூக்கி எறிந்துவிடும். டிரைவைத் திரும்ப மாட்டினாலும் நினைவுக்கு வராது. இதற்காகவே க்ரப்-இன்ஸ்டாலை ‘ரிமூவபிள்’ தேர்வோடு ஓட்டி, எந்த ஃபர்ம்வேரும் தேடிப் பார்க்கும் பொது இடத்தில் ஒரு நகல் வைத்தேன். இப்போது டிரைவ் பட்டியலுக்குத் திரும்பி வருகிறது, ஆனால் கடைசி இடத்தில். மறுபடி உள்ளே போய் மேலே ஏற்ற வேண்டும். நான்கு வருடத்தில் இதை எத்தனை முறை செய்தேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். போர்டு புதிது என்றாலும் அதே மாடல், அதே ஞாபக மறதி.

‘இரட்டை பூட் போடலாமா?’ என்று நேற்று நண்பர் கேட்டார். வேண்டவே வேண்டாம், முடிந்தால் இன்னொரு கணினி வாங்கிக்கொள் என்றேன். எரிச்சலில் சொல்கிறாயா என்றார். ஆமாம், எரிச்சலில்தான்.